நற்செய்தியும் மனந்திரும்புதலும்

பரங்கிமலையின் அடிவாரத்தில் தொடங்கி, பூந்தமல்லி, திருமழிசை ஆகிய ஊர்களின் வழியே ஸ்ரீபெரும்புதூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நான் பலமுறை பயணம் செய்திருக்கிறேன். நெடுந்தொலைவு அன்று. ஆயினும் சமய வரலாற்றை விரும்பிக் கற்கும் ஒருவனுக்கு அச்சாலை விரித்து வைத்த நூலைப் போன்றது. அதன் தலைப்பில் நிற்கும் பரங்கிமலையில், இயேசுவின் பன்னிரு மாணாக்கருள் ஒருவராகிய தோமையார் கி.பி. 72-இல் உயிர் நீத்தார் என்பது வழிவழியாக வரும் மரபு. இடையில் உள்ள திருமழிசை, சமயங்கள் பலவற்றைத் துருவி ஆராய்ந்து இறுதியில் திருமாலிடம் மனத்தைப் பதித்ததாகக் கூறப்படும் ஆழ்வார் தோன்றிய ஊர். அதற்கு அப்பால் உள்ள ஸ்ரீபெரும்புதூர், 1017-ஆம் ஆண்டில் இராமாநுசர் பிறந்த பதி என்று வைணவர் போற்றுவர். இன்றோ அப்பதியைச் சூழ்ந்து, இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் மோட்டார் வண்டிகள் செய்யும் ஆலைகளும் அவற்றைச் சார்ந்த தொழிற்கூடங்களும் நிறைந்திருக்கின்றன.

ஒருநாள் அச்சாலையில் பேருந்தில் சென்றபோது, சுவர் ஒன்றில் பெரிய எழுத்துக்களால் தீட்டப்பட்டிருந்த ஒற்றைச் சொல் கண்ணில் பட்டது. ‘மனந்திரும்புங்கள்’ என்பதே அச்சொல். என் அருகில், தொழிற்சாலை அடையாள அட்டையைக் கழுத்தில் அணிந்த இளைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவரும் அதைக் கண்டார். என்னை நோக்கி, “ஐயா, இந்தச் சொல்லைப் போகும் இடமெல்லாம் காண்கிறேன். நான் எவருக்கும் பெருந்தீங்கு செய்தவன் அல்லன். என்னை ஏன் அழச் சொல்கிறார்கள்?” என்று கேட்டார். “இச்சொல் அழச் சொல்லவில்லை, தம்பி” என்று நான் விடைகூறத் தொடங்கினேன். அதற்குள் பேருந்து இருங்காட்டுக்கோட்டையை அடைந்துவிட்டது. வேலைமுறை தொடங்கும் நேரம் ஆகவே அவர் விரைந்து இறங்கிவிட்டார். அன்று நான் முடிக்காமல் விட்ட விடையே இன்று உங்கள் முன் நான் நிகழ்த்தும் இப்பேச்சு.

கிறிஸ்தவ சமயத்தின் மூலச் செய்தியை அறிய விரும்புவோர் இரண்டு சொற்களை அறிந்து கொண்டால் போதும். ஒன்று நற்செய்தி, மற்றொன்று மனந்திரும்புதல். இவ்விரண்டனுள் எது முந்தியது, எது பிந்தியது என்பதை அறிவது இன்னும் இன்றியமையாதது. முதலில் நற்செய்தி என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம்.

தமிழ்க் கிறிஸ்தவர் நெடுங்காலம் வழங்கிய ‘சுவிசேஷம்’ என்ற சொல்லும், இக்காலத்தில் பெருவழக்காய் உள்ள ‘நற்செய்தி’ என்ற சொல்லும், ‘எவாங்கெலியோன்’ என்னும் கிரேக்கச் சொல்லின் தமிழாக்கங்களே. அச்சொல் கிறிஸ்தவர் படைத்தது அன்று. போர்க்களத்திலிருந்து ஓடிவரும் தூதன் ‘வென்றோம்’ என்று கூறும் செய்தியைக் கிரேக்கர் அச்சொல்லால் குறித்தனர். அரசியல் மேடையிலும் அது வழங்கியது. இன்றைய துருக்கி நாட்டின் மேற்குப் பகுதியில் உள்ள பிரியேனே என்னும் பழைய நகரில் கி.மு. 9-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. உரோமப் பேரரசன் அகஸ்டஸ் பிறந்த நாள் உலகிற்கு நற்செய்திகளின் தொடக்கம் என்றும், ஆகவே அந்நாளிலேயே ஆண்டு தொடங்க வேண்டும் என்றும் அக்கல்வெட்டு முழங்குகிறது. மன்னனின் பிறப்பையே நற்செய்தி என்று கொண்டாடிய உலகில்தான், தச்சுத் தொழிலாளி ஒருவர் வேறொரு நற்செய்தியை அறிவிக்க எழுந்தார் என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

அச்சொல்லுக்கு யூத மரபில் மற்றொரு வேரும் உண்டு. கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமை அழித்து, அந்நாட்டு மக்களுட் பலரைச் சிறைப்பிடித்துச் சென்றனர். அயல்நாட்டில் வாடிய அம்மக்களுக்கு, ‘விடுதலை வருகிறது, இறைவனே அரசாள்கிறார்’ என்ற செய்தியை மலைகளின் மேல் ஏறி அறிவிக்கும் தூதன் ஒருவனை ஏசாயா நூல் பாடுகிறது. அச்செய்தியைக் கேட்டவர் செய்யவேண்டியது என்ன? மூட்டை கட்டிக்கொண்டு வீடு திரும்புவதே. நற்செய்தியும் திரும்புதலும் இங்கேயே ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன.

இனி யோர்தான் ஆற்றங்கரைக்குச் செல்வோம். கி.பி. முதல் நூற்றாண்டின் மூன்றாம் பத்தாண்டின் இறுதியில் அக்கரையில் யோவான் என்னும் துறவி ஒருவர் தோன்றினார். ஆற்றில் மூழ்க வைத்து மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தமையால் அவரைத் திருமுழுக்கு யோவான் என்றும், யோவான் ஸ்நானகர் என்றும் அழைப்பர். கிறிஸ்தவ நூல்கள் மட்டுமன்றி, யூத வரலாற்றாசிரியராகிய யோசேப்பு என்பவரும் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவரோடு ஒருவர் நீதியாய் நடக்கவும், இறைவனிடம் பத்தி கொள்ளவும் யோவான் மக்களைத் தூண்டினார் என்றும், நேர்மையான நடத்தையால் உள்ளம் தூய்மை பெற்ற பின்னரே உடலை நீரால் கழுவும் சடங்கிற்குப் பொருள் உண்டு என்று அவர் கருதினார் என்றும் யோசேப்பு கூறுகிறார். அக்காலத்தில் அப்பகுதியில் இத்தகைய குரல் அவருடையது மட்டும் அன்று. 1947-ஆம் ஆண்டு முதல் சாக்கடலின் கரையில் உள்ள கும்ரான் குகைகளில் கண்டெடுக்கப்பட்ட ஏட்டுச் சுருள்களை எழுதிய துறவியர் கூட்டமும், ‘குற்றத்தினின்று திரும்பியோர்’ என்று தம்மைக் குறித்துக்கொண்டது.

யோவானிடம் வந்த மக்கள் ‘நாங்கள் என்ன செய்யவேண்டும்?’ என்று கேட்டதாக லூக்கா எழுதிய நற்செய்தி கூறுகிறது. அதற்கு அவர் அளித்த விடைகள் வியப்பிற்குரியவை. இரண்டு அங்கி உடையவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்றார். வரி தண்டுவோரை நோக்கி, விதித்ததற்கு மேல் வாங்காதீர் என்றார். போர்வீரரை நோக்கி, எவரையும் மிரட்டிப் பணம் பறிக்காமல் கிடைக்கும் ஊதியத்தோடு நில்லுங்கள் என்றார். நோன்பு இருங்கள், சாம்பலில் உட்காருங்கள், காட்டிற்கு ஓடுங்கள் என்று அவர் கூறவில்லை. அவரவர் தொழிலிலேயே அவரவர் திரும்பவேண்டிய இடம் எது என்று சுட்டிக் காட்டினார். சமயத்தைக் கோயிலுக்குள் மட்டும் தேடுவோர் இதனை ஊன்றி நோக்கவேண்டும்.

யோவானைக் கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பா சிறைப்படுத்தினான். அதன் பின்னரே இயேசு கலிலேயாவில் தம் பணியைத் தொடங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். இயேசுவின் முதல் அறிவிப்பாக அவர் தருவது மிகச் சிறியது. நான்கு உறுப்புகளே உடையது. காலம் நிறைவுற்றது என்பது முதலாவது. இறைவனின் ஆட்சி அணுகிவிட்டது என்பது இரண்டாவது. ஆகவே மனம் திரும்புங்கள் என்பது மூன்றாவது. இந்த நற்செய்தியை நம்புங்கள் என்பது நான்காவது. முன்னிரண்டும் செய்தி, பின்னிரண்டும் அழைப்பு. இந்த அடைவைக் கவனியுங்கள். ‘நீங்கள் திருந்தினால் இறைவன் வருவார்’ என்று அது கூறவில்லை, ‘இறைவன் அணுகிவிட்டார், ஆகவே திரும்புங்கள்’ என்று கூறுகிறது. யோவானின் குரலில், வேரருகே வைக்கப்பட்ட கோடரியின் அச்சம் மேலோங்கி நின்றது. இயேசுவின் குரலில் விருந்துக்கு அழைக்கும் மகிழ்ச்சி மேலோங்கி நிற்கிறது. அழைப்பு ஒன்றே, ஆயினும் அது பிறக்கும் இடம் வேறு.

செய்தியை மறைவாய் வைத்துக்கொள்ளாமல் அனைவர்க்கும் அறிவித்தல் என்றால் என்ன என்பதைத் தமிழ் மாணவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசர், திருக்கோட்டியூர் நம்பியிடம் தாம் அரிதிற் பெற்ற திருமந்திரத்தைக் கோயிலின் மேல் ஏறி ஊரறிய உரைத்தார் என்னும் வரலாற்றை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். இரண்டு சமயங்களின் கொள்கைகள் வேறு. அவற்றை ஒன்றென்று கூறுவது என் கருத்தன்று. ஆயினும் தமக்குக் கிடைத்த நன்மை பிறர்க்கும் கிடைக்கவேண்டும் என்று உயரத்தில் ஏறி நின்று உரைக்கும் உள்ளத்தை அறிந்தவர்க்கு, நற்செய்தி என்னும் சொல்லின் சுவை எளிதில் விளங்கும்.

இப்பொழுது இரண்டாவது சொல்லுக்கு வருவோம். இயேசு பேசியது அரமேய மொழி. அம்மொழியிலும் அதன் உறவுமொழியாகிய எபிரேயத்திலும், இக்கருத்தைக் குறிக்கும் சொல்லின் அடிப்படைப் பொருள் ‘திரும்பு’ என்பதே. வழி தவறியவன் வந்த வழியே திரும்புவதைக் குறிக்கும் அதே எளிய சொல்லை எபிரேய இறைவாக்கினர் மக்களை நோக்கி வழங்கினர். நற்செய்தி நூல்கள் எழுதப்பட்ட கிரேக்க மொழியிலோ ‘மெத்தானோயா’ என்னும் சொல் ஆளப்பட்டது. எண்ணத்தை மாற்றிக்கொள்ளுதல் என்பது அதன் நேர்ப்பொருள். எபிரேயச் சொல்லில் கால் திரும்புகிறது. கிரேக்கச் சொல்லில் கருத்து மாறுகிறது.

அச்சொல் இலத்தீனத்திற்குச் சென்றபோது மற்றொரு சாயலைப் பெற்றது. அம்மொழியில் அமைந்த திருநூல் ஆண்ட தொடரைக் ‘கழுவாய் செய்யுங்கள்’ என்றும் பொருள்கொள்ள இடமிருந்தது. ஆகவே, செய்த குற்றத்தைக் குருவிடம் அறிக்கையிட்டு அவர் விதிக்கும் கழுவாயை நிறைவேற்றுதல் என்ற பொருள் மக்கள் உள்ளத்தில் வேரூன்றியது. 1516-இல் எராஸ்மஸ் என்னும் அறிஞர் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை அச்சிட்டு வெளியிட்டார். மூலச் சொல் உள்ளத்தின் மாற்றத்தைக் குறிக்கிறது என்பதைக் கற்றோர் பலர் உணர்ந்தனர். 1517-இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 கூற்றுக்களுள் முதற்கூற்றே, நம்பிக்கையாளரின் வாழ்வு முழுவதும் மனந்திரும்புதலாய் இருக்கவேண்டும் என்பதுதான். ஒரு சொல்லின் பொருளைப் பற்றிய ஆராய்ச்சி ஐரோப்பாவின் சமய வாழ்வையே அசைத்தது என்றால், மொழியறிவு சிறுபொருள் என்று யார் கூறமுடியும்?

இச்சொல்லின் பொருளை இலக்கணத்தால் அன்றிக் கதையால் விளக்கியவர் இயேசு. தந்தையிடம் தன் பங்கைப் பெற்றுக்கொண்டு தொலைநாடு சென்ற மகனின் கதையை நீங்கள் அறிவீர்கள். பொருளெல்லாம் அழிந்து, பன்றிகளுக்கு இடும் தீனியையும் உண்ண விரும்பும் நிலையில் அவனுக்குத் தன்னுணர்வு வந்தது. எழுந்து வீட்டை நோக்கி நடந்தான். அவன் தொலைவில் வரும்போதே தந்தை ஓடிவந்து தழுவிக்கொண்டார். மகன் ஆயத்தம் செய்து வைத்திருந்த மன்னிப்பு வேண்டுகோளை முழுதும் கூறுவதற்குக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை. சகேயு என்னும் வரி தண்டுவோன் வரலாறும் இத்தகையதே. இயேசு அவனுடைய வீட்டிற்கு விருந்தினராய்ச் சென்றார். அதன் பின்னரே அவன் தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காய்த் திருப்பித் தருவதாகவும் கூறினான். விருந்து முன்னது; திருத்தம் பின்னது. அவன் அழுதான் என்று லூக்கா எழுதவில்லை. கணக்கைத் தீர்த்தான் என்றே எழுதுகிறார்.

ஏறத்தாழ கி.பி. 30-இல் இயேசு சிலுவையில் அறையப்பட்டார். அவர் உயிர்த்தெழுந்தார் என்று அவருடைய மாணாக்கர் உறுதியாய் நம்பி அறிவித்தனர். அன்று முதல் அவர் அறிவித்த செய்தியோடு, அவரைப் பற்றிய செய்தியும் நற்செய்தி ஆயிற்று. ஐம்பதுகளில் கொரிந்து நகரத்தாருக்குப் பவுல் எழுதிய மடலில், தாம் பெற்றுக்கொண்டதையே பிறர்க்கும் ஒப்படைத்ததாகக் கூறி, கிறிஸ்துவின் இறப்பையும் உயிர்ப்பையும் சுருங்க உரைக்கிறார். அப்பொழுது நற்செய்தி என்ற பெயரில் நூல் ஒன்றும் இல்லை. வாயால் கூறிச் செவியால் கேட்ட செய்தியே இருந்தது. எழுபதாம் ஆண்டை ஒட்டி மாற்கு எழுதினார் என்றும், அதன் பின்னர் மத்தேயு, லூக்கா, யோவான் ஆகியோர் பெயரால் வழங்கும் நூல்கள் தோன்றின என்றும் ஆராய்ச்சியாளருட் பெரும்பாலோர் கருதுவர். இரண்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேதான் யுஸ்தீன் என்னும் அறிஞர் அந்நூல்களையே நற்செய்திகள் என்று பன்மையில் குறிப்பிடுகிறார்.

தமிழகத்தில் இச்சொல் எவ்வாறு வேரூன்றியது? முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் என்னும் போர்த்துகீசிய நாட்டவர் 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறுநூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். 16 பக்கங்களே கொண்ட நூல் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1580-இல், பாவங்களை ஆராய்ந்து அறிக்கையிடும் முறையைக் கற்பிக்கும் நூல் ஒன்றையும் கொச்சியில் வெளியிட்டார். தமிழில் அச்சேறிய தொடக்க நூல்களுள் ஒன்று இப்பொருளைப் பற்றியதே என்பது மாணவர் அறியத்தக்க செய்தி.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றவர். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை 1708-இல் செருமானிய மொழியில் பெயர்த்தவரும் அவரே. தமிழரின் அறநூல்களைக் கற்ற அந்த ஆண்டிலேயே புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி, 1711-இல் முடித்தார். 1715-க்குள் அது தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. அவருக்குப் பின்னர்ச் சென்னை வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியசு ஐயரும், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பணிசெய்த பெர்சிவல் ஐயரும், 1871-இல் நிறைவுற்ற திருத்தப்பணிக்குத் தலைமை தாங்கிய பவர் ஐயரும் தமிழ்ச் சொற்களை நிறுத்து நிறுத்துப் பார்த்தனர்.

நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்க் கிறிஸ்தவர் இக்கருத்திற்கு வழங்கிய சொற்களை ஒருங்கே வைத்துப் பாருங்கள். ‘மனஸ்தாபம்’ என்பது செய்த பிழைக்காக உள்ளம் வெதும்புதலைக் குறிக்கிறது. ‘பாவசங்கீர்த்தனம்’ என்பது வாயால் அறிக்கையிடுதலைக் குறிக்கிறது. ‘குணப்படுதல்’ என்பது நோய் நீங்கியவன் போல நற்குணம் எய்துதலைக் குறிக்கிறது. சீர்திருத்தச் சபையார் பலகாலமாக ஓதிவரும் திருநூலில் ‘மனந்திரும்புதல்’ என்பது வழங்குகிறது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘மனம் மாறுதல்’ என்று கூறுகிறது. வெதும்பும் உள்ளம், கூறும் வாய், நலம்பெறும் குணம், திரும்பும் மனம், மாறும் மனம் எனச் சொல் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைக் காட்டுகிறது.

இவற்றுள் எனக்கு மிகவும் உவப்பானது மனந்திரும்புதல் என்பதே. அதில் ‘மனம்’ கிரேக்கச் சொல்லின் கருத்தைத் தாங்கி நிற்கிறது. ‘திரும்புதல்’ எபிரேயச் சொல்லின் நடையைத் தாங்கி நிற்கிறது. கிரேக்கத்தில் மறைந்து, இலத்தீனத்தில் மேலும் மறைந்த பழைய ‘திரும்பு’ என்னும் பொருள் தமிழில் மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. அன்றியும், திரும்புவதற்கு ஓர் இடம் இருக்கவேண்டும். வீடு இல்லாதவனை நோக்கி ‘வீடு திரும்பு’ என்று எவரும் கூறார். திரும்பு என்னும் ஏவலுக்குள்ளேயே, உனக்கு ஒரு வீடு உண்டு என்னும் நற்செய்தி அடங்கியிருக்கிறது. தமிழ்ச்சொல் தரும் இந்நுட்பம் எண்ணி மகிழத்தக்கது அன்றோ?

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. இவ்வழைப்பு வரலாற்றில் பலமுறை அச்சுறுத்தலாய்த் திரிந்திருக்கிறது. நற்செய்தியை விட்டுவிட்டு ஏவலை மட்டும் உரத்துக் கூறியவர் பலர். தாம் திரும்பாமல் பிறரைத் திரும்பச் சொன்னவரும் பலர். இறைவாக்கினரின் குரல் முதலில் தம் சொந்த மக்களையும் தம் அரசரையுமே நோக்கி எழுந்தது. யோவானும் தம் இனத்தாரையே கடிந்தார். அயலாரைச் சுட்டுவதற்கு நீட்டிய விரலாக அச்சொல் மாறும்போது, அதன் உயிர் போய்விடுகிறது. சுவரில் எழுதிய ஒற்றைச் சொல்லைக் கண்டு அவ்விளைஞர் மனம் சுருங்கியதற்குக் காரணமும் இதுவே. நான்கு உறுப்புள்ள அறிவிப்பில் மூன்றாவது மட்டும் அச்சுவரில் இருந்தது. முன்னிரண்டையும் அவருக்கு எவரும் கூறவில்லை.

அந்த இளைஞரை நான் மீண்டும் காணவில்லை. கண்டால் இவ்வாறு கூறுவேன்: “தம்பி, அச்சொல் உங்களை அழச் சொல்லவில்லை. உங்களுக்காக எங்கோ ஒரு கதவு திறந்திருக்கிறது என்று அறிவித்து, அதை நோக்கி முகத்தைத் திருப்பச் சொல்கிறது. அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் உரிமை. ஆனால் யோர்தான் கரையில் அன்று மக்கள் கேட்ட கேள்வியை எச்சமயத்தவரும் கேட்கலாம். பொருளை அளப்பவர் அளவுகோலைப் பற்றிக் கேட்கலாம். கூலி கொடுப்பவர் கணக்கைப் பற்றிக் கேட்கலாம். மேற்பார்வை செய்பவர் தம் நாவைப் பற்றிக் கேட்கலாம். என்னைப் போலப் பேசுபவர் தாம் பேசியபடி நடக்கின்றோமா என்று கேட்கலாம்.”

மாணவ நண்பர்களே! ஊரை விட்டு வந்து ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வேலைசெய்யும் இளைஞர் ஆயிரக்கணக்கானோர். பொங்கலுக்கு முந்தைய இரவில் அவர்கள் பைகளோடு அந்த நெடுஞ்சாலையில் பேருந்துக்காகக் காத்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன். களைப்பு மிகுந்திருந்தும் அவர்கள் முகத்தில் ஓர் ஒளி இருந்தது. வீட்டில் தம்மை எதிர்பார்ப்பவர் இருக்கிறார் என்னும் செய்தி முன்னரே அவர்களுக்கு எட்டியிருந்தது. ஆகவேதான் திரும்பப் புறப்பட்டார்கள். நற்செய்திக்கும் மனந்திரும்புதலுக்கும் உள்ள உறவு அத்தகையதே.